ஒரே வாளித் தீவனம், நான்கு பருவக் குதிரைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

தாராபுரம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நான்கு குதிரைகள். என்னைக் கூப்பிட்டது அவற்றில் ஒன்றுக்காக மட்டும்தான். 14 மாத ஆண் குட்டி நொண்டுகிறது. ஒரு நாள் முன்காலில், இன்னொரு நாள் பின்காலில். லாடக்காரர் குளம்பைச் சீவிப் பார்த்துவிட்டு இங்கே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவியிருக்கிறார்கள். வலி மருந்து கொடுத்தால் நொண்டல் நிற்கிறது, மருந்தை நிறுத்தினால் திரும்ப வருகிறது. முகம் வீங்கியிருப்பதை உரிமையாளர் தொலைபேசியில் சொல்லவே இல்லை. அவரைப் பொறுத்தவரை அது வீக்கமே அல்ல. "மூஞ்சி நல்லா அகலமா, கம்பீரமா வருதுங்க டாக்டர், அப்பன் குதிரை வாக்கு" என்றார் நேரில் போனபோது.

அந்த அகலம்தான் நோய்.

கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவில், கன்ன எலும்பின் மேட்டை ஒட்டி, இரண்டு பக்கமும் ஒரே அளவில் புடைப்பு. அழுத்தினால் குழி விழவில்லை, தொட்டால் சூடில்லை. அந்த இடத்துக்கு உள்ளே இருப்பது காற்றறை என்பதால் விரலை மடக்கித் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். இங்கே மொத்தென்று கேட்டது. அடுத்த கொட்டடியில் நின்ற 7 வயதுக் குதிரையின் முகத்திலும் தட்டிக் காட்டி, வித்தியாசத்தை உரிமையாளரையே கேட்க வைத்தேன். குட்டியின் கீழ்த்தாடை விளிம்பும் தடித்து உருண்டிருந்தது. நடையில் ஒரு கால் மட்டும் வலிப்பதாகத் தெரியவில்லை. முள்ளுத் தரையில் நடப்பதுபோல் நான்கு காலையும் யோசித்து யோசித்து வைத்தது. கொள்ளை மெல்லும்போது நடுவில் நிறுத்தி, வாயைத் திறந்தபடி நின்றது.

ரத்தப் பரிசோதனையில் கால்சியம் இயல்பு வரம்புக்குள் இருந்தது. இந்த நோயை அறியாதவர்கள் சறுக்குகிற இடம் இது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் தடுமாறும் என்பதால், உடம்பு அதை எப்பாடுபட்டாவது சரியாக வைத்துக்கொள்ளும். தீவனத்தில் கிடைக்காததை எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிக்கு அதுதான் வேலை. எலும்பு கரைந்து போகிற இடத்தில் நார்த்திசு வந்து உட்காரும். முகத்தில் தெரிந்த அகலம் அந்த நார்தான். ஆகவே ரத்தத்தோடு சிறுநீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: சிறுநீரில் பாஸ்பரஸ் அதிகமாகவும் கால்சியம் மிகக் குறைவாகவும் வெளியேறினால் சந்தேகம் உறுதி. இந்தக் குட்டிக்கு அப்படித்தான் இருந்தது. தாடையை எக்ஸ்ரே எடுத்ததில், பல் வேரைச் சுற்றிக் கோடு போட்டதுபோல் தெரிய வேண்டிய வெள்ளை விளிம்பு பல இடங்களில் காணவில்லை. எலும்புத் தாதுவில் சுமார் 30 சதவீதம் போன பிறகுதான் எக்ஸ்ரேயில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அதாவது குட்டி நொண்ட ஆரம்பித்ததற்கு வெகுநாள் முன்பே கதை தொடங்கிவிட்டது.

மேற்கு நாடுகளில் மாவு மில்காரர்கள் வளர்த்த குதிரைகளுக்கு வருகிற நோய் என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு. மில்லில் மிஞ்சிய தவிடெல்லாம் குதிரைத் தொட்டிக்குப் போனதால் வந்த பெயர். இன்னொரு பெயர் பெரிய தலை நோய்.

தொட்டியில் என்ன இருந்தது

"தீனியில நான் ஒரு குறையும் வெக்கலீங்க டாக்டர்." இதை உரிமையாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். பொய்யில்லை. தவிடு மூட்டை அட்டியில் நிறைந்திருந்தது. கொள்ளு பொள்ளாச்சியிலிருந்து சல்லடை போட்டுச் சுத்தம் செய்து வருகிறது. வாய்க்கால் ஓரம் முழுக்கக் கம்பு நேப்பியர் புல், ஆள் உயரம். தோப்பில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர்தான் தீனி வைப்பவர். காலையில் ஊறவைத்து வேகவைத்த கொள்ளு, கோதுமைத் தவிடு, கொஞ்சம் உப்பு. பெரிய அண்டாவில் ஒன்றாகப் பிசைந்து நான்கு வாளியில் பங்கு போடுவார். மதியம் நேப்பியர், ராத்திரிக்குச் சோளத்தட்டு. நான்குக்கும் அதே அண்டா. குட்டிக்குக் கொஞ்சம் குறைத்து, பந்தயக் குதிரைக்குக் கொஞ்சம் கூட்டி. அவ்வளவுதான் வேறுபாடு.

நான்கும் யார் யார் என்றால்: அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கிய 9 வயதுப் பெண் குதிரை, மார்வாரிக் கலப்பு, சுமார் 380 கிலோ. நம் குட்டிக்குத் தாய், இப்போது 9 மாதச் சினை. அடுத்து ரேக்ளா பந்தயத்துக்கு ஓடுகிற 7 வயது ஆண் குதிரை. மூன்றாவது, உரிமையாளரின் அப்பா காலத்திலிருந்து இருக்கும் 22 வயதுக் கிழட்டுப் பெண் குதிரை. நான்காவது நம் குட்டி. ஒரே கூரைக்குக் கீழே சினை, வளரும் பருவம், உழைப்பு, முதுமை நான்கும் கிடைப்பது அபூர்வம். இதை எழுதத் தோன்றியதற்கும் அதுதான் காரணம்.

பெரியவர் பயன்படுத்துவது ஒரு பழைய எண்ணெய் டின்னை வெட்டிய அளவை. அதில் தவிடு ஒன்று, கொள்ளு ஒன்று எடுத்துத் தராசில் வைத்தோம். கொள்ளு தவிட்டைப் போலப் பல மடங்கு கனம் என்பதால், "ஒரு டின்" என்பது எதற்குமே அளவாக இல்லை. டின் கணக்கைக் கிலோவாக்கியபோது குட்டிக்குத் தினம் போனது: கொள்ளு 1 கிலோ, தவிடு 2 கிலோ, பச்சை நேப்பியர் 8 கிலோ, சோளத்தட்டு 1 கிலோ. குட்டியின் எடை நாடா அளவில் 250 கிலோ.

இனிக் கணக்கு. மதிப்புகள் தீவன அட்டவணைகளின் சராசரிதான். மண்ணுக்கும் வெட்டும் பருவத்துக்கும் ஏற்பக் கொஞ்சம் மாறும். கோதுமைத் தவிட்டில் கால்சியம் 0.13 சதவீதம், பாஸ்பரஸ் 1.1 சதவீதம். 2 கிலோவில் கால்சியம் 3 கிராம் கூட இல்லை, பாஸ்பரஸ் 22 கிராம். கொள்ளில் இரண்டும் ஏறத்தாழ 3 கிராம். நேப்பியர் 8 கிலோ என்றாலும் தண்ணீர் போக உலர் எடை 1.6 கிலோ, அதில் கால்சியம் 6 கிராம் சொச்சம், பாஸ்பரஸ் 4. சோளத்தட்டில் கால்சியம் 4, பாஸ்பரஸ் ஒன்றரை. கூட்டினால் கால்சியம் 16 கிராம், பாஸ்பரஸ் 31 கிராம். இந்த வயதில், வளர்ந்தால் 380 கிலோ வரப்போகிற குட்டிக்குத் தேவை கால்சியம் 28 கிராம் அளவில், பாஸ்பரஸ் 16. தலைகீழாக இருக்கிறது. குதிரைத் தீவனத்தில் கால்சியம் எப்போதும் பாஸ்பரஸுக்குச் சமமாவது இருக்க வேண்டும். ஒன்றரை, இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. பாஸ்பரஸ் கூடினால் அது குடலில் கால்சியம் ஏறுவதைத் தடுக்கும். ஆக, இருக்கிற 16 கிராமும் முழுதாகச் சேராது.

மாட்டுக்கு ஆகிற புல்

பாதிக் கதைதான் தவிடு. மீதி நேப்பியர்.

உரிமையாளரின் கேள்வி நியாயமானது: "இதே புல்லைத்தானுங்க மாடு திங்குது. பால் பீச்சி அடிக்குது. குதிரைக்கு மட்டும் எப்படிங்க ஆகாம போகும்?" நேப்பியர் போன்ற வெப்பமண்டலப் புற்களில் ஆக்சலேட் என்ற பொருள் உண்டு. கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கரையாத உப்பாக மாறிவிடும். மாட்டுக்கு முதலில் வருவது பெரிய வயிறு. அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துக் கால்சியத்தை விடுவித்துவிடுகின்றன. அதற்குப் பிறகுதான் சிறுகுடல். குதிரைக்கு வரிசை மாறி இருக்கிறது: சின்ன இரைப்பை, சிறுகுடல், அப்புறம்தான் நுண்ணுயிர் வாழும் பெருங்குடல். கால்சியம் ஏற வேண்டிய சிறுகுடலைத் தாண்டும்வரை ஆக்சலேட்டின் பிடி விடாது. பின்னால் போய் விடுவித்து என்ன பயன்? சாணியில் போகும்.

நேப்பியரின் உலர் எடையில் ஆக்சலேட் 2 முதல் 3 சதவீதம் சாதாரணம். 2.5 என்று வைத்தாலே குட்டியின் பங்குப் புல்லில் 40 கிராம். அது 18 கிராம் கால்சியத்தைக் கட்டிப்போடும். புல்லில் இருப்பதோ 6. அதாவது புல் தன் கால்சியத்தைத் தராததோடு, கொள்ளிலும் தட்டிலும் இருப்பதையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. தீவனத்தில் கால்சியம் ஆக்சலேட்டின் பாதிக்குக் குறைந்தால் ஆபத்து என்பது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1970-களில் குதிரைகள் கூட்டமாகத் தலை வீங்கி நொண்டியபோது கற்றுக்கொண்ட பாடம். அங்கே தவிடே கிடையாது, மேய்ச்சல் மட்டும். விதைத்து வளர்த்த புற்களில் ஒன்று பஃபெல் புல். நம் கொங்குக் கொறங்காட்டில், அதாவது மானாவாரி மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப் புல் என்று சொல்வதும் அதே இனம்தான். ஊட்டியில் மட்டக்குதிரைகள் மேய்கிற கிக்குயு புல்லும் இந்த வகையில் சேரும். கொறங்காட்டில் பயறுவகைச் செடிகளும் வெள்வேல் காயும் கலந்து கிடைப்பதால் மேய்கிற பிராணிக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. வேலிக்குள் ஒரே புல்லை நட்டு, அதையே வெட்டிப் போடும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

இந்த ஊரில் குதிரைக்குத் தீனி தப்பாகப் போவது புதிதில்லை என்பதையும் சொல்லலாம். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் வழியே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இறங்கும் குதிரைகள் பிழைப்பதில்லை என்றும், அவற்றுக்கு இறைச்சியோடு சமைத்த சோறு போடுகிறார்கள் என்றும் எழுதிவைத்தார். அவர் சொன்னதில் எவ்வளவு நேரில் கண்டது, எவ்வளவு வியாபாரிகள் சொன்ன கதை என்பது வேறு விஷயம். செலவுக்குக் குறைவைக்காமல் போட்ட தீனியாலேயே குதிரை கெட்டது என்பது மட்டும் அப்படியே பொருந்துகிறது.

குட்டிக்குச் செய்தது

குதிரைத் தீவனத்தை ஒரே நாளில் மாற்றக்கூடாது. பெருங்குடல் நுண்ணுயிர்கள் பழக 7 முதல் 10 நாள் வேண்டும். அவசரப்பட்டால் வயிற்று வலி வரும். ஆகவே தவிட்டைப் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்துக் கடைசியில் ஒரு கைப்பிடியில் நிறுத்தினோம். நேப்பியர் குட்டிக்கு முற்றிலும் நின்றது. அதற்குப் பதில் சோளத்தட்டை 2 கிலோவாக்கி, கடலைக்கொடி ஒன்றரைக் கிலோ, பச்சைக் குதிரைமசால் (லூசர்ன் என்ற பயறுவகைத் தீவனப் பயிர்) 5 கிலோ. குதிரைமசாலின் உலர் எடையில் கால்சியம் 1.2 சதவீதத்துக்கு மேல். கடலைக்கொடியும் அதற்கு அதிகம் இளைத்ததில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கம் கடலை பிடுங்கும் பருவத்தில் கொடியை மாட்டுக்குத்தான் அடுக்கிவைப்பார்கள். பூஞ்சை பிடித்ததை மட்டும் ஒதுக்க வேண்டும். மாடு தாங்குகிற அளவுக்குக் குதிரை அதைத் தாங்காது.

இங்கே ஒரு நுணுக்கம். தவிடு குற்றவாளி என்று அதை நிறுத்திவிட்டு வெறும் சுண்ணாம்புக்கல் பொடியைக் கொட்டினால், பாஸ்பரஸ் தேவைக்குக் கீழே விழுந்துவிடும். புதிய தீவனத்தில் அது 11 கிராம் அளவுக்குத்தான் வந்தது. எலும்பு திரும்பக் கட்ட இரண்டும் வேண்டும். அதனால் இரண்டும் சேர்ந்த டைகால்சியம் பாஸ்பேட் 40 கிராம் முதன்மையாகவும், முதல் சில மாதங்களுக்கு மட்டும் சுண்ணாம்புக்கல் பொடி 30 கிராம் கூடுதலாகவும் வைத்தோம். கடைச் சுண்ணாம்பு அல்ல, தீவனத்துக்கென்று விற்கும் பொடி. விலையில் அந்த லாயத்திலேயே மலிவான பொருள் அதுதான்.

பொடியைக் குட்டி தின்னவில்லை. கொள்ளை மட்டும் உதட்டால் பொறுக்கித் தின்றுவிட்டுப் போனது. தொட்டியின் அடியில் வெள்ளைக் குழம்பாக அப்பியிருந்ததைப் பெரியவர்தான் விரலால் வழித்துக் காட்டினார். அதற்கு வழி கண்டுபிடித்ததும் அவரே: வைத்திருந்த கைப்பிடித் தவிட்டை வெல்லத் தண்ணீரில் பிசைந்து, அதில் பொடியை உருட்டி, மற்ற தீனி போடும் முன் கொடுத்தார். அன்றிலிருந்து தொட்டியில் வெள்ளை தங்கவில்லை. காகிதத்தில் நான் எழுதிக் கொடுத்த கிராம் கணக்கு வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தது அந்த வெல்லத்தால்தான்.

வளரும் குட்டிக்கு எலும்போடு புரதமும் வேண்டும், அதிலும் லைசின் என்ற அமினோ அமிலம். கொள்ளில் புரதம் 22 சதவீதம் இருப்பதால் அதை விடவில்லை. சோயாப் புண்ணாக்கு கால் கிலோ சேர்த்தோம். மக்காச்சோளம் அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம் என்றேன். ஓராண்டில் குதிரைக்குட்டி வளர்ந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கையும், உயரத்தில் 90 சதவீதத்தையும் எட்டிவிடும். இந்த ஓட்டத்தில் மாவுச்சத்தை அள்ளிக் கொடுத்து இன்னும் வேகமாக வளர்த்தால் மூட்டுக் குருத்தெலும்பு கெடும். இந்தக் குட்டி கொஞ்சம் மெதுவாகவே வளரட்டும். ஓட்டம், வண்டிப் பழக்கம் எல்லாம் தள்ளிவைத்து, சின்ன அடைப்புக்குள் தானாக நடக்க மட்டும் விட்டோம். தாதுவிழந்த எலும்பு திடீர்ப் பாய்ச்சலில் ஒடிந்துவிடும்.

தாய்க்கு

தாய்க் குதிரை பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. விலா எலும்பு கைக்கு எட்டாத அளவு கொழுப்பு. 1983-ல் டெக்சஸில் ஹென்னெக் வகுத்த 1 முதல் 9 வரையிலான உடல்நிலை அளவில் 7 கொடுப்பேன். சினைக்கு 5 அல்லது 6 போதும். கொழுப்பு இருக்கிறது, தாது இல்லை. பளபளப்பை வைத்து ஊட்டம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வது குதிரை வளர்ப்பில் அடிக்கடி நடக்கிற தவறு. முந்தைய பாலூட்டும் காலத்தையும் இதே அண்டாத் தீனியில்தான் ஓட்டியிருக்கிறது. குட்டிக்குக் கொடுத்த பாலின் கால்சியம் அதன் எலும்பிலிருந்துதான் போயிருக்க வேண்டும்.

சினையின் முதல் ஏழெட்டு மாதம் பெண் குதிரைக்குத் தனித் தீனியே தேவையில்லை என்று சொன்னால் பலர் ஏற்கமாட்டார்கள். உண்மை அதுதான். கருவின் எடை பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில் ஏறுகிறது. அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு 2007-ல் வெளியிட்ட அட்டவணைப்படி 500 கிலோ குதிரைக்குச் சும்மா இருக்கும்போது கால்சியம் 20 கிராம், சினையின் கடைசி மாதங்களில் 36, குட்டி போட்ட முதல் மாதத்தில் 59. புரதம் 630 கிராமிலிருந்து 890 ஆகி, பால் கொடுக்கும்போது 1,500-ஐத் தாண்டும். எரிசக்தித் தேவை கிட்டத்தட்ட இரட்டிப்பு. நம் குதிரை 380 கிலோ என்பதால் இந்த எண்களில் முக்கால் பங்கு. இதில் பார்க்க வேண்டியது, பெரிய ஏற்றம் சினையில் இல்லை, ஈன்ற பிறகு பாலில் இருக்கிறது. நம் ஊரில் நடப்பது நேர்மாறு: சினை என்றதும் தவிட்டைக் கூட்டுவார்கள், குட்டி போட்டதும் கவனம் குட்டிமேல் போய்விடும்.

இன்னொன்று, கடைசி மாதங்களில் கரு இடத்தை அடைத்துக்கொள்வதால் தாயால் நிறையத் தின்ன முடியாது. அளவு குறைந்து தரம் ஏற வேண்டும். தட்டைக் கொஞ்சம் குறைத்துக் குதிரைமசாலைக் கூட்டினோம், தவிடு நின்றது, தாது உப்புக் கலவையில் செம்பும் துத்தநாகமும் இருப்பதை உறுதி செய்தோம். பாலில் செம்பு மிகக் குறைவு. குட்டி முதல் சில மாதம் பிழைப்பது கருவில் இருந்தபோது தன் கல்லீரலில் சேமித்ததை வைத்துத்தான். பிறந்த பிறகு தாய்க்கு எவ்வளவு கொடுத்தாலும் அந்தச் சேமிப்பை ஈடுகட்ட முடியாது.

குட்டி போட்டது ஒரு விடியற்காலை. பெண் குட்டி. எழுந்து நின்று இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடித்தது. சீம்பாலைப் பற்றி முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம்: குட்டி நோய் எதிர்ப்புப் பொருள் எதுவும் இல்லாமல்தான் பிறக்கிறது, குடல் அதை உறிஞ்சும் வாசல் 24 மணி நேரத்தில் மூடிவிடும், முதல் 6 மணி நேரம்தான் பொன்னான நேரம். சீம்பாலைக் கறந்து கீழே ஊற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இங்கே பெரியவர் அதைச் செய்யவில்லை. இரண்டாவது வாரம் குட்டி தாயின் சாணியைத் தின்கிறது என்று பதறிக் கூப்பிட்டார்கள். அது அப்படித்தான். குடலுக்கு வேண்டிய நுண்ணுயிர்களைக் குட்டி அந்த வழியில் பெறுகிறது, தடுக்க வேண்டாம்.

தாய்க்கு ஈன்றபின் தீனியைக் கூட்டியதும் படிப்படியாகத்தான், இரண்டு வாரத்தில். ஒரு வேளைக்குக் கொள்ளு, மக்காச்சோளம் இரண்டும் சேர்ந்து ஒன்றரைக் கிலோவைத் தாண்டக்கூடாது என்று மூன்று வேளையாகப் பிரித்தோம். இரைப்பை சின்னது, அதிகமானால் மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். அதிலிருந்து வயிற்று வலி, குளம்பழற்சி இரண்டும் வரும்.

பந்தயக்காரன்

உரிமையாளரோடு வாக்குவாதம் வந்தது இந்த ஒரு குதிரைக்குத்தான். தவிட்டை நிறுத்தினால் வேகம் குறையும் என்பது அவர் கட்சி. பந்தயத்துக்கு முந்தின வாரம் முட்டையும் பேரீச்சையும் வேறு. முட்டையால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை, பெரிய பயனும் இல்லை; அதை விட்டுவிட்டேன். விடமுடியாதது ஓய்வு நாள் தீனி. ஞாயிற்றுக்கிழமை ஓடி, திங்கள், செவ்வாய் கட்டுத்தறியில் சும்மா நிற்கும்போதும் அதே கொள்ளு, அதே அளவு. இப்படி நின்ற குதிரை மறுபடி பூட்டியதும் பின்புறத் தசை கட்டையாக இறுகி, சிறுநீர் காப்பிக் கலரில் போவதைப் பழைய வண்டிக்காரர்கள் பார்த்திருப்பார்கள். ஓய்வு நாளில் கொள்ளு, தவிடு போன்ற அடர்தீவனத்தைப் பாதியாக்கி, தட்டைக் கூட்ட வேண்டும்.

அவருக்கு நான் விட்டுக்கொடுத்தது: தவிடு ஒரு கிலோ இருக்கட்டும், கூடவே சுண்ணாம்புக்கல் பொடி 40 கிராம் கட்டாயம். ஒரு கிலோ தவிட்டின் பாஸ்பரஸை அது ஈடுகட்டிவிடும். தவிடு விஷமல்ல, கால்சியத் துணை இல்லாமல் மலையாகப் போடும்போதுதான் வினை. வேகத்துக்கு மாவுச்சத்துக்குப் பதில் கொஞ்சம் எண்ணெய், தினம் 100 மில்லி வரை மெல்லக் கூட்டினோம். நம் வெயிலில் வியர்வையோடு போகிற உப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஓடும் நாளில் கல்லுப்பு 50 கிராமாவது தீனியில் வேண்டும், பக்கத்தில் நல்ல தண்ணீர் இருந்தாக வேண்டும். அண்டாவில் போட்டுவந்த "கொஞ்சம்" உப்பை நிறுத்தால் தலைக்கு 10 கிராம்கூட வரவில்லை.

பேச்சுவாக்கில் ஒரு விஷயம் வெளியே வந்தது. பல்லடத்தில் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் உறவினர் மிச்சத் தீவனத்தை இலவசமாகத் தருகிறாராம், பந்தயக் குதிரைக்குப் போடலாமா என்று யோசனை. நல்லவேளை, போடவில்லை. கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின் என்ற மருந்து கலப்பதுண்டு. கோழியைக் கொல்ல உடல் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் வேண்டியிருக்கும். குதிரைக்கு 2, 3 மில்லிகிராம் போதும், இதயத் தசை சிதைந்துவிடும். மாற்று மருந்தும் இல்லை. அதே மாதிரி வேலியோரம் நின்ற சூபாபுல் தழையையும் குதிரைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம் என்றேன். ஆட்டுக்கு அருமையான தழை. குதிரைக்குப் பிடரியும் வாலும் உதிர்ந்துவிடும்.

கிழவி

22 வயதுக் குதிரை மெலிந்திருந்தது. "வயசாயிருச்சுங்க, இனி என்ன" என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அதன் தொட்டிக்குக் கீழே பார்த்தால் பாதி மென்று துப்பிய தட்டு, சுருட்டுச் சுருட்டாகக் கிடந்தது. வயதுக்கும் மெலிவுக்கும் நடுவில் இருந்தது பல்தான். கடைவாய்ப் பற்கள் சாய்ந்து தேய்ந்து வெளி விளிம்பு கத்தியாகி, கன்னத்தின் உட்புறம் புண். ராவியதில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இரண்டு பற்கள் ஏற்கெனவே விழுந்துவிட்டன, அதற்கு வழியில்லை. நீளமான தட்டை இனி அதனால் மெல்ல முடியாது. அரைத்த தட்டு, காயவைத்து நொறுக்கிய குதிரைமசால், உளுந்தம்பொட்டு எல்லாவற்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக நான்கு வேளை கொடுக்கச் சொன்னேன். உலர்ந்த பொடியாகப் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இதற்கும் தவிடு அரைக் கிலோ வரை அனுமதித்தேன், வாசனைக்காகவாவது தின்கிறது. எலும்பு வளரவேண்டிய வயதில்லை, 380 கிலோ குதிரைக்கு 15 கிராம் கால்சியம் போதும், குதிரைமசாலே அதைத் தந்துவிடும். பொடி எதுவும் வேண்டாம். ஒரே மாதத்தில் முதலில் தேறியது இதுதான், குட்டி அல்ல.

பின்பு

குட்டியின் நொண்டல் ஆறாவது வாரத்துக்குள் வலி மருந்து இல்லாமலே குறைந்தது. மூன்றாவது மாதம் அடைப்புக்குள் தானாகவே ஓடியது. சிறுநீரில் பாஸ்பரஸ் இயல்புக்கு வந்ததும் சுண்ணாம்புக்கல் பொடியை நிறுத்தி, டைகால்சியம் பாஸ்பேட்டைத் தொடர்ந்தோம். ஆறாவது மாத எக்ஸ்ரேயில் பல் வேரைச் சுற்றிய வெள்ளை விளிம்பு பல இடங்களில் திரும்பத் தெரிந்தது. முகப் புடைப்பு சற்று அமுங்கியிருக்கிறது, முழுதாகப் போகாது. நார் நிரம்பிய இடம் பழைய வடிவத்துக்குத் திரும்புவது அரிது. விற்கும்போது இதை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று உரிமையாளரிடம் பேசியிருக்கிறேன். மூன்று வயது முடியும்வரை வண்டியில் பூட்டக்கூடாது என்பதையும் ஒப்புக்கொண்டார்.

அண்டா இப்போதும் இருக்கிறது, கொள்ளு வேகவைக்க மட்டும். எண்ணெய் டின் அளவைக்குப் பதில் தொங்கும் தராசு ஒன்று உத்தரத்தில் மாட்டியிருக்கிறது. நான்கு தொட்டிக்கு மேலும் சாக்பீஸில் கிலோ கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். நேப்பியர் மாட்டுக்கு மட்டும் போகிறது. ஓரமாக 10 சென்ட் குதிரைமசாலுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். கோடையில் தண்ணீர் குறையும்போது அது தாக்குப்பிடிக்குமா என்பதுதான் இப்போதைய கவலை. அதற்காகக் கடலைக்கொடியைச் சேர்த்துக் கட்டி உலர்வாக அடுக்கச் சொல்லியிருக்கிறேன். பெண் குட்டி இரண்டாம் மாதத்திலிருந்தே தாயின் தொட்டியில் தலையை விட ஆரம்பித்துவிட்டதால், தாய் நுழைய முடியாத சின்ன அடைப்புக்குள் அதற்குத் தனித் தீனி வைக்கிறோம்: உடைத்த மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, குதிரைமசால் இலை, தாதுக் கலவை. ஆறாவது மாதம் பால் மறக்கடிக்கும்போது அதன் முகத்திலும் ஒரு முறை தட்டிப் பார்க்க வேண்டும்.